கோரலுக்கு எந்த லைட்டு?

தெய்வா: இன்னொரு லைட்டா? ஏனுங்க, இருக்கற லைட்டுக்கு என்ன கேடு வந்துச்சு?

மகுடேஸ்வரன்: மங்கலா இருக்குதம்மிணி.

தெய்வா: நாலு ட்யூப்பு எரியுதுங்க மாமா. சின்னக் கல்யாண மண்டபத்துக்கே அது போதும்.

மகுடேஸ்வரன்: அது மண்டபத்துக்கு. இது கடலு.

தெய்வா: கடலா!

மகுடேஸ்வரன்: கடலுதான். உப்புத்தண்ணி இருக்குது, மணலு இருக்குது, பாறை, மீனு, பவளக் கோரலு... வேறென்ன இல்லீங்கற?

தெய்வா: நாலடி கண்ணாடித் தொட்டிங்க. ஹாலுல டிவி இருந்த எடத்துல உக்காந்திருக்குது. டிவியத் தூக்கி சமையக்கட்டுல வெச்சீங்க. நான் சீரியல் பாக்கறதே தாளிக்கற பொகையிலதான்.

மகுடேஸ்வரன்: அதுக்கும் இதுக்கும் என்ன சம்...

தெய்வா: இருக்குது சம்பந்தம். மொதல்ல மோட்டாருன்னீங்க. அப்பறம் தண்ணிய சில்லுனு வெக்கோணும்னு ஒரு மிசினு. அப்பறம் கரண்ட்டு போனா ஓட்டறதுக்கு பேட்டரி. சரி, முடிஞ்சுதுடான்னு பாத்தா இப்ப லைட்டு.

மகுடேஸ்வரன்: கோரலுக்கு லைட்டுதான் சோறு. எத்தன தடவ சொல்றது உனக்கு? அதுக்கு உள்ளுக்குள்ள பாசியாட்டம் ஒண்ணு குடியிருக்குது. வெளிச்சம் பட்டா அந்தப் பாசி சமைச்சுப் போடும். கோரலு உக்காந்த எடத்துல திங்கும்.

தெய்வா: குடுத்து வெச்சது. சமைச்சுப் போட அதுக்கு ஆளிருக்குது. எனக்குத்தான் இல்ல.

மகுடேஸ்வரன்: தெய்வா...

தெய்வா: சொல்லுங்க.

மகுடேஸ்வரன்: சந்தனத்த வரச் சொல்லியிருக்கறேன்.

தெய்வா: எந்தச் சந்தனம்? மீன் கடைச் சந்தனமா? எப்ப?

மகுடேஸ்வரன்: இப்ப.

தெய்வா: இப்பவா? என்னைய ஒரு வார்த்தை கேக்காமயா?

மகுடேஸ்வரன்: கேட்டா வேண்டாம்ப.

தெய்வா: வேண்டாம்னு தெரிஞ்சும் வரச் சொன்னீங்களாக்கும்.

மகுடேஸ்வரன்: அதனாலதான் கேக்குல. ...பாரு, பெல்லு அடிக்குது. வந்துட்டான்.

தெய்வா: நீங்க உக்காருங்க. நான் போய்த் தெறக்கறேன்.

மகுடேஸ்வரன்: நானே போறேன் இரு...

தெய்வா: உக்காருங்கன்னு சொல்றனல்லங்க. இருட்டு கட்டிருச்சு. வாசல்ல படி இருக்குது.

மகுடேஸ்வரன்: இந்த ஊட்டக் கட்டுனதே நானு. படி இருக்கறது எனக்குத் தெரியாதா?

தெய்வா: தெரியும் தெரியும். உக்காருங்க... வாங்க தம்பி.

சந்தனம்: அக்கா...

தெய்வா: மெதுவாப் பேசுங்க. நான் உங்ககிட்ட என்ன சொல்லியிருந்தேன்?

சந்தனம்: லைட்டு ஸ்டாக் இல்லன்னு சொல்லச் சொன்னிய. நானும் சொன்னேன்க்கா. அண்ணாச்சி கேக்கணும்லா? நேரா மெட்ராசு கடைக்கே போனப் போட்டு, பஸ்ஸுல ஏத்திவிட வச்சிட்டாவ. மாட்டிக்காட்டு வான்னு ஒரே பிடி. நான் என்ன செய்ய?

தெய்வா: சரி, வந்தது வந்தாச்சு. அந்த விசயம்...

சந்தனம்: மூச்சு விடமாட்டேன்.

தெய்வா: மூச்சு விட்டாக்கூடப் பரவால்ல. மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கங்க. போன தடவ திருடன் மாதிரி முழிச்சீங்க.

மகுடேஸ்வரன்: ஏனப்பா சந்தனம்! வாசல்லயே நின்னு என்ன பேச்சு?

சந்தனம்: வந்துட்டேன் அண்ணாச்சி! அக்கா சொகம் விசாரிச்சாவ.

மகுடேஸ்வரன்: உன்ற சொகத்த அப்பறம் விசாரிக்கலாம். லைட்டு எங்க?

சந்தனம்: மூணும் இந்தா இருக்கு. இது மெட்டல் ஹாலைடு. இது புது டி-ஃபைவ் ட்யூப்பு, இப்ப உங்க தொட்டில இருக்கதவிட ஒரு படி மேல. இந்தப் பட்டையா இருக்குல்லா, இதுதான் எல்.ஈ.டி. இப்பத்தான் வந்திருக்கு, திருப்பூருக்குள்ள நொழையுத மொத பீசு இதுவாத்தான் இருக்கும்.

மகுடேஸ்வரன்: மெட்டல் ஹாலைட மொதல்ல மாட்டு.

தெய்வா: இது நெருப்பெரிச்சல்ல நம்ம பனியன் கம்பெனில, லோடு ஏத்தற எடத்துல தொங்குதே, அதுதானுங்களே?

சந்தனம்: அதுக்குச் சித்தப்பா மவன்க்கா.

தெய்வா: அதுக்கடியில நின்னாலே லோடுமேன் சட்டையக் கழட்டிப் போட்டுடறான். அத ஹாலுக்குள்ள மாட்டறீங்க.

மகுடேஸ்வரன்: நீ சித்த சும்மா இரு. மாட்டுப்பா.

சந்தனம்: மாட்டியாச்சு. ஆனா ஒடனே எரியாது, பாத்துக்கிடுங்க. தெருவெளக்கு மாதிரி மொணங்கி மொணங்கித்தான் வரும்... இந்தா, வருது... வருது...

தெய்வா: அடேங்கப்பா. ஏனுங்க, அனலடிக்குது! அயர்ன் டேபிளு பக்கத்துல நிக்கறாப்பல இருக்குது.

மகுடேஸ்வரன்: அனலடிச்சாத்தான் வெயிலு. கோரலு வெயில்ல பொறந்தது. ...சந்தனம், அடி மணல்ல வெளிச்சம் நெளியுதா?

சந்தனம்: நெளியுதே அண்ணாச்சி. பாம்பு ஓடுத மாதிரி ஓடுதுலா... தெரியலியா?

மகுடேஸ்வரன்: தெரியுது தெரியுது. நீ கவனிக்கறயான்னு கேட்டேன்.

சந்தனம்: இந்த நெளிவு டி-ஃபைவுல கெடைக்காது. அது ஒரே சமமா வெளிச்சத்த ஊத்தும். அழகுன்னு பாத்தா இதுதான். ஆனா ஒண்ணு... இந்தச் சூட்டுக்கு, தண்ணியக் குளுத்துததுக்கு இப்ப இருக்க சில்லரு காணாது. பெருசா ஒண்ணு வாங்கணும்.

தெய்வா: கேட்டுக்கங்க.

மகுடேஸ்வரன்: கேட்டேன்.

தெய்வா: கரண்ட்டு போற போக்குல, அந்த சில்லரு எந்நேரம் ஓடும், எந்நேரம் நிக்கும்? லைட்டு எரியறப்ப சில்லரு நின்னா மீனெல்லாம் கொழம்பாயிரும். நான் மல்லித்தழை கிள்ளிப் போட்டு எறக்கோணும்.

மகுடேஸ்வரன்: பேச்சப் பாரு. அடுத்தத மாட்டு.

சந்தனம்: டி-ஃபைவு. இது நல்ல புள்ள அண்ணாச்சி. சூடு கம்மி, கரண்ட்டு கம்மி. தொட்டில எந்த மூலையில வச்ச கோரலுக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் போவும். என்ன, வருசத்துக்கு ஒருக்கா ட்யூப்ப மாத்தணும். எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள சத்து போயிரும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது.

மகுடேஸ்வரன்: யாரு கண்ணுக்கு?

சந்தனம்: நம்ம... பொதுவா மனுசக் கண்ணுக்கு.

மகுடேஸ்வரன்: ம். ...இது மங்கலு.

சந்தனம்: மங்கலா? அண்ணாச்சி, இது பளீர்னுல்லா...

தெய்வா: அவருக்கு மங்கலுன்னா மங்கலுதான். அடுத்தது போடுங்க தம்பி.

சந்தனம்: சரிக்கா... இந்தா எல்.ஈ.டி. இதுக்குச் சூடே கெடையாது. தொட்டுப் பாருங்க. இன்வெர்ட்டர்லயே ஓடிக்கிட்டு இருக்கும். ஆனா நெசத்தச் சொல்லுதேன், இதுல கோரலு வளருமா வளராதான்னு எனக்கே தெரியாது. வளருதுங்காவ சிலபேரு. சும்மா பிலிம் காட்டுதுங்காவ சிலபேரு.

மகுடேஸ்வரன்: பரவால்லியே... இது நல்ல வெள்ள.

சந்தனம்: வெள்ளையா? அண்ணாச்சி, இது நீல...

தெய்வா: நீளமா இருக்குது! ஏன் தம்பி, தொட்டியவிட இது நீளமா இருக்குதல்ல? சரியா உக்காருமான்னு பாருங்க.

சந்தனம்: இல்லக்கா, நான் நீளத்தச் சொல்லல, நீலம்னு... யக்கா, காலு!

தெய்வா: அய்யோ, மிதிச்சுட்டனா? பாக்குலீங்க தம்பி.

மகுடேஸ்வரன்: என்ன அங்க?

தெய்வா: ஒண்ணுமில்லீங்க. நீளம் சாஸ்தின்னு பேசிட்டிருக்கறோம்.

மகுடேஸ்வரன்: நீளத்தப் பத்தி என்ன? நான் சாயத்தப் பாக்கறேன். நம்ம கம்பெனி லைட் பாக்ஸுல துணிய வெச்சு சுச்ச மாத்திப் பாப்போமல்ல... பகல் வெளிச்சத்துல ஒரு கலரு, கடை வெளிச்சத்துல ஒரு கலருன்னு. அப்படித்தான் இதும். எந்த வெளிச்சத்துல கலரு நெசமா நிக்குதோ அதுதான் லைட்டு.

சந்தனம்: அது சரிதான் அண்ணாச்சி. உங்க கண்ணப் பத்தி ஊரே சொல்லும்லா. அஞ்சு கம்பெனிக்காரன் துணியத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட வந்து நிப்பாம்பாவ.

மகுடேஸ்வரன்: இப்பவும் வர்றாங்க.

தெய்வா: காபி கொண்டாரட்டுங்களா?

மகுடேஸ்வரன்: சித்த இரு. சந்தனம், இந்தக் கோரலு எனக்கு எப்படி வந்துதுன்னு உனக்குச் சொல்லியிருக்கறனா? நம்மகிட்டத் துணி வாங்கற பையரோட சிங்கப்பூரு போயிருந்தேன். ஓட்டல்ல இதுமாதிரி ஒரு தொட்டி. அதுல வெரலு வெரலா ஆடிட்டு ஒரு பச்ச. நான் அப்படியே நின்னுட்டேன். இத்தன வருசம் சாயத்துலயே கெடந்தவன், அந்தப் பச்சைய எந்த டையிங்லயும் பாத்ததில்ல. எந்தக் கொம்பனாலயும் அதப் புடிக்க முடியாது. துணியில ஏறாத கலருப்பா அது. பையரு கூப்படறான் கூப்படறான், எனக்குக் காதுலயே விழுகுல.

சந்தனம்: அதுக்கப்பறந்தான் என் கடைக்கு வந்தீய.

மகுடேஸ்வரன்: நம்மூர்க் கடல்ல எடுக்கறது குத்தம்னு நீதான சொன்ன. அப்பறம் வெளிநாட்டுல வளத்தத பில்லோட வரவெச்சுக் குடுத்த. அது செத்துப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அதுக்குத்தான் இந்தப் பாடு. நல்ல வெளிச்சம் வேணும் அதுக்கு. நீ சொல்லு, உன்ற மனசுல பட்டதச் சொல்லு. எதப் போட்டா அது நல்லா இருக்கும்?

சந்தனம்: எதப் போட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி.

மகுடேஸ்வரன்: அதெப்படி? இத்தன நேரம் சூடு, சத்துன்னு பாடம் நடத்துன?

சந்தனம்: இல்ல, அது... பொதுவாச் சொன்னேன். இந்தக் கோரலு ஒரு தனி ரகம்லா. கொஞ்சம் கெட்டி. எதையும் தாங்கும். இருட்டுல வச்சாக்கூட...

தெய்வா: தம்பி, உங்க கடைய யாரு பாத்துக்கறது?

சந்தனம்: கடையா? பூட்டிட்டுத்தான்...

தெய்வா: பூட்டிப் போட்டு இங்க நின்னா யாவாரம் என்னாகறது? கெளம்புங்க. மழை வேற வர்றாப்பல இருக்குது.

சந்தனம்: மழையா... ஆமாமா, மழை வரும். போயிட்டு வாரேன் அண்ணாச்சி. மூணு லைட்டும் இங்கயே இருக்கட்டும். யோசிச்சிச் சொல்லுங்க.

மகுடேஸ்வரன்: யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? மெட்டல் ஹாலைடு. ஒண்ணு இல்ல, ரெண்டு. நாளைக்கு இன்னொண்ணக் கொண்டா.

சந்தனம்: ரெண்டா! அக்கா...

தெய்வா: நீங்க போங்க தம்பி. நான் பேசிக்கறேன். கதவச் சாத்திட்டுப் போங்க.

மகுடேஸ்வரன்: ...என்ன, அவன ஓட்டறதுலயே குறியா இருக்கற? காபித்தண்ணி கூடக் குடுக்காம.

தெய்வா: ரெண்டு எதுக்குங்க?

மகுடேஸ்வரன்: ஒண்ணு பத்தாது.

தெய்வா: அந்த ஒண்ணுக்கே எனக்குக் கண்ணு கூசுதுங்க. உங்களுக்குக் கூசுலியா?

மகுடேஸ்வரன்: கூசுது... சுத்தியும் வளையம் வளையமாத் தெரியுது. அது தண்ணில பட்டு அடிக்கறது.

தெய்வா: எனக்கு வளையம் தெரியிலியே.

மகுடேஸ்வரன்: நீ தள்ளி நின்ன.

தெய்வா: உங்க தோள ஒட்டித்தான் நின்னேன்.

மகுடேஸ்வரன்: இப்ப என்ன உனக்கு? கரண்ட்டு பில்லா? சில்லரா? ஹாலுல அனலடிக்குதா? நீ ஹாலுக்கு வராத. சமையக்கட்டுலதான டிவி இருக்குது.

தெய்வா: மாமா, எனக்குக் கோவம் வந்துருமுங்க.

மகுடேஸ்வரன்: இப்ப என்ன சந்தோசமாவா இருக்கற? ஒரு மாசமா இதே கதை. லைட்டுன்னு வாயெடுத்தா வள்ளுனு விழுகற. நான் சீட்டாடறனா? குடிக்கறனா? ஒரு கோரலு வளக்கறேன். அது சாகக்கூடாதுன்னு ஒரு லைட்டு வாங்கறேன். அதுக்கு இந்த ஊட்டுல எனக்கு உரிமை இல்லியா?

தெய்வா: அது சாகாதுங்க.

மகுடேஸ்வரன்: நீயும் அவனாட்டவே பேசற. எப்படிச் சாகாதுங்கற?

தெய்வா: சாகாதுன்னா சாகாது.

மகுடேஸ்வரன்: உசுருள்ளது எதா இருந்தாலும் பாக்கற வெதத்துல பாக்காட்டி...

தெய்வா: உசுரிருந்தாத்தானுங்களே!

மகுடேஸ்வரன்: என்ன சொல்ற?

தெய்வா: உசுரிருந்தாத்தான மாமா சாகறதுக்கு. அது ரப்பருங்க. ரப்பரு. சந்தனம் கடையில இருந்து நான் வாங்கிட்டு வந்து வெச்ச ரப்பரு. போதுங்களா? இதுக்கு ரெண்டு மெட்டல் ஹாலைடு போடுங்க, மூணு போடுங்க, சூரியனையே கழட்டிட்டு வந்து மாட்டுங்க!

மகுடேஸ்வரன்: எப்ப?

தெய்வா: நீங்க ஜெர்மனிக்குப் போயிருந்தப்பங்க. அன்னிக்கு ஷிப்மெண்ட்டு. நான் காலையில கம்பெனிக்குப் போனவ பொழுதெறங்கித்தான் வந்தேன். கரண்ட்டு சொன்ன நேரத்துக்கு வருல. பேட்டரி எத்தன நேரந்தான் தாங்கும்? கதவத் தெறக்கறேன், ஊடெல்லாம் கவுச்சி நாத்தம். கோரலு கூழாட்டம் கரஞ்சு கெடக்குது. சந்தனத்துக்குப் போன் பண்ணி, அவரு ஓடி வந்து அந்த ஆரஞ்சு மீனு ரெண்டையும் காப்பாத்திக் குடுத்தாரு. தண்ணி மாத்துனோம். பாறையெல்லாம் தேச்சுக் கழுவுனோம்.

மகுடேஸ்வரன்: போன்ல சொல்லியிருக்கலாமல்ல.

தெய்வா: அங்க ஆர்டரு பேசிட்டிருக்கறவருகிட்ட எப்படிங்க சொல்றது? வந்ததும் சொல்லிக்கலாம், அது வரைக்கும் எடம் வெறிச்சுனு இருக்க வேண்டாம்னுதான் ரப்பர வெச்சேன். வந்தீங்க. சட்டகூட மாத்துல. நேராத் தொட்டிகிட்டப் போனீங்க. நான் அடுப்படியில நிக்கறேன்... இப்பக் கேப்பீங்க, இப்பக் கத்துவீங்கன்னு பாத்துட்டே நிக்கறேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமுங்களா? 'தெய்வா, நான் இல்லாத நேரத்துல எப்படி விரிஞ்சிருக்குது பாரு'ன்னீங்க.

மகுடேஸ்வரன்: ...சொன்னேன்.

தெய்வா: அது பச்சையே இல்லீங்க மாமா. பிளாஸ்டிக் கொடத்துப் பச்ச. சந்தைக்கு வர்ற சின்னக் கொழந்தைகூட ரப்பருன்னு சொல்லிப்போடும். நீங்க... சாயத்துல ஒரு சொட்டு மாறுனாச் சொல்ற மனுசன். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கோரலு போனது எனக்கு மறந்தே போச்சுங்க.

மகுடேஸ்வரன்: அதனால நீ சொல்லுல.

தெய்வா: எதச் சொல்றது? கோரலச் சொன்னா கண்ணச் சொல்லோணும். சரி, நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா நாளுக்கொரு லைட்டுப் பேரு சொல்றீங்க. எனக்குத் தலைய எங்க முட்டிக்கறதுன்னு தெரியிலீங்க.

மகுடேஸ்வரன்: தெய்வா.

தெய்வா: என்னங்க.

மகுடேஸ்வரன்: அது ரப்பருன்னு எனக்குத் தெரியும்.

தெய்வா: ...என்ன?

மகுடேஸ்வரன்: வந்து கொஞ்ச நாள்லயே தெரியும். கண்ணாடில பாசி தொடைக்கலாம்னு கைய விட்டேன். வெரலு அதுமேல பட்டுச்சு. நெசக் கோரலுன்னா தொட்டதும் உள்ள இழுத்துக்கும். இது இழுத்துக்குல. அப்படியே கெடந்துச்சு.

தெய்வா: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா ஒரு மாசமா என்ற உசுர வாங்குனீங்க?

மகுடேஸ்வரன்: நான் எப்படிச் சொல்றது? ரப்பருன்னு சொன்னா, பாத்து ஏன் தெரியிலன்னு கேப்ப. உன்ற வாய் சும்மா இருக்குமா?

தெய்வா: ஆண்டவா... நான் உங்களுக்குப் பயந்துட்டு, நீங்க எனக்குப் பயந்துட்டு... நடுவுல அந்தச் சந்தனம் ரப்பருக்கு லைட்டு மாட்டிக் காட்டறாரு! அவரு காலு வேற நசுங்கிப் போச்சு.

மகுடேஸ்வரன்: நீலம்னு சொல்ல வந்தான். நீ நீளம்னு மாத்துன. அது எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா?

தெய்வா: ...புரிஞ்சுதுங்களா?

மகுடேஸ்வரன்: கண்ணுதான் மங்கல். காதுக்கு ஒண்ணுமில்ல.

தெய்வா: சிரிக்காதீங்க. எனக்குப் பத்திட்டு வருது.

மகுடேஸ்வரன்: சிரிக்குல. ...கம்பெனில யாருக்காச்சும் தெரியுமா?

தெய்வா: இல்லீங்க. கோரலு செத்தது சந்தனத்துக்கு மட்டுந்தான் தெரியும். கண்ணப் பத்தி யாருக்கும் தெரியாது.

மகுடேஸ்வரன்: இன்னிக்குத் தெரிஞ்சிருக்கும் அவனுக்கு.

தெய்வா: தெரிஞ்சாலும் சொல்லமாட்டாரு. ...இன்னொண்ணு இருக்குதுங்க. அதையும் சொல்லிடறேன். நீங்க ஓகே சொல்லி அனுப்பற துணிய எல்லாம், நான் மறுக்கா லைட் பாக்ஸுல போட்டுப் பாத்துத்தான் கட்டிங்குக்கு விடறேன்.

மகுடேஸ்வரன்: நீயா?

தெய்வா: ஆமாங்க. நீங்க சாப்பிட வந்ததுக்கப்பறம்.

மகுடேஸ்வரன்: எத்தன தப்பு?

தெய்வா: அது எதுக்குங்க இப்ப?

மகுடேஸ்வரன்: சொல்லு.

தெய்வா: ஒண்ணுதாங்க... ஒரே ஒரு லாட்டு. நீங்க கருப்புன்னு எடுத்து வெச்சது. அது நேவி, கருநீலம்.

மகுடேஸ்வரன்: நேவியவா... நேவியவா நான் கருப்புன்னேன்?

தெய்வா: மாத்தி வெச்சுட்டேன். யாருக்கும் தெரியாது.

மகுடேஸ்வரன்: நேவிக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாதவன டையிங் மாஸ்டரே நாலு வார்த்தை கேட்டு வெளிய அனுப்பிருவான் தெய்வா. நானே அனுப்பியிருக்கறேன். பொடியன்னுகூடப் பாக்காம.

தெய்வா: உங்கள யாரும் அனுப்ப முடியாது. ஓனரு நீங்க.

மகுடேஸ்வரன்: கம்பெனிக்கு ஓனரு. கண்ணுக்கு? இந்த ஊர்ல நான் யாரு சொல்லு? மிசினு எல்லாருகிட்டயும் இருக்குது. என்னையவிடப் பெரிய கம்பெனி எத்தனையோ இருக்குது. 'மகுடேஸ்வரன் பாத்துட்டானா? அப்பச் சரி'... அந்த ஒரு வார்த்தைதான் நானு. அது போச்சுன்னா டீ குடிக்கற நேரத்துல ஊரெல்லாம் பரவிரும்.

தெய்வா: பரவட்டும். எல்லாக் கம்பெனிலயும் நடக்காததா? உங்களுக்குச் சக்கரை இருக்குது. சக்கரை இருக்கறவங்களுக்குக் கண்ணுல பொரை சீக்கிரம் விழுகுமாமா. எடுத்துப் போட்டாச் சரியாப் போகுது. உங்க பெரியப்பா மகன் பெருமாள்சாமி ரெண்டு கண்ணுலயும் எடுத்துட்டு, இப்ப அவிநாசி ரோட்டுல புல்லட்டு ஓட்டறாரு!

மகுடேஸ்வரன்: பொரைன்னு நீ எப்படிச் சொல்ற? உள்ள நரம்புல இருந்தா? சக்கரைக்கு அதும் வரும். டாக்டரு ஒரு பேரு சொல்லிட்டா அப்பறம் அது இல்லீன்னு ஆக்க முடியாது. தெரியாத வரைக்கும் லைட்டு மங்கலுன்னு சொல்லிட்டே இருக்கலாமல்ல.

தெய்வா: சொல்லிட்டே இருந்து? நானும் மேல மேல லைட்டு மாட்டிட்டே இருக்கறதா? ஒரு நாளைக்கு மொத்தமா இருண்டு போனா அப்ப என்ன லைட்டுங்க மாட்டறது?

மகுடேஸ்வரன்: கத்தாத தெய்வா.

தெய்வா: நான் கத்துல. சும்மாத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல கண் டாக்டருகிட்டப் பேரு குடுத்து வெச்சிருக்கறேன். நம்ம புள்ள கீர்த்தனாவுக்குக் கண்ணாடி மாத்தோணும்னு சொல்லி உங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். இப்ப நேராவே சொல்றேன். உங்களுக்குத்தான். வர்றீங்களா, இல்ல கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகட்டுங்களா?

மகுடேஸ்வரன்: சரி.

தெய்வா: என்ன சரி?

மகுடேஸ்வரன்: வர்றேன்.

தெய்வா: வர்றீங்களா? இத்தன சண்டைக்கு ஒரே ஒரு சரியா? இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த லைட்டு மெட்ராசுல இருந்து பஸ் ஏறியிருக்காது.

மகுடேஸ்வரன்: காரு நீ ஓட்டறயா?

தெய்வா: டிரைவரு இருக்காரு.

மகுடேஸ்வரன்: டிரைவரு வேண்டாம். நீ ஓட்டு.

தெய்வா: ...சரிங்க. நானே ஓட்டறேன். மெதுவாத்தான் போவேன். குத்தம் சொல்லப்படாது.

மகுடேஸ்வரன்: சொல்லுல.

தெய்வா: ஏனுங்க... ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்குல. அதையும் கேட்டுப்போடறேன்.

மகுடேஸ்வரன்: கேளு.

தெய்வா: அது ரப்பருன்னு தொட்டுத் தெரிஞ்சுகிட்டீங்க. அதுக்குச் சோறும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அப்பறம் எதுக்குங்க மாமா இந்த லைட்டுக் கூத்து? நெசத்தச் சொல்லுங்க.

மகுடேஸ்வரன்: கைக்குத் தெரிஞ்சது கண்ணுக்குத் தெரியிலியே தெய்வா... எந்த லைட்டுலயாச்சும் அது ரப்பருன்னு என்ற கண்ணு சொல்லுதான்னு பாத்தேன். மூணையும் போட்டுப் பாத்தாச்சு. மூணுலயும் அது உசுரோடதான் இருக்குது.